குந்தச் சொல்லாதீங்க

தஞ்சாவூர்
11.8.1973

திரு. ரெத்தினம் அவர்களுக்கு,

பெரியாஸ்பத்திரியில் உங்கள் மகள் செவ்வந்தியின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் லத்தீஃபா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் பிறகு கேட்கிறேன்.

போன மாதம் நீங்கள் செய்தது நியாயமா? அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், தரையில் குந்திப் பழகிக்கொண்டிருந்த குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "என் மகளக் குந்தச் சொல்ல நீ யாரு?" என்று எங்கள் ஆயா கண்ணாத்தாளிடம் கத்திவிட்டுப் போனீர்கள். அந்தம்மா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை. நான் உள்ளே ஒரு பையனுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் நீங்கள் கேட்டைத் தாண்டிவிட்டீர்கள். அன்றையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வரவில்லை.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசி இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள். கால் சூம்பிப்போய், தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நடுவில் செவ்வந்தி ஓடி வருவதைப் பார்த்து, "இதுக்கு என்ன கேடு, நல்லாத்தானே ஓடுது" என்று மற்ற தாய்மார்கள் கேட்கிறார்கள். உங்களுக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டதோ என்று பயப்படுகிறேன். ஆறு வயசுப் பிள்ளை இன்னும் நுனிக்காலில்தான் நடக்கிறது. குதிகால் தரையில் படுவதே இல்லை. இப்படியே விட்டால் ஆடுசதை குறுகி, குதிகால் நரம்பு இறுகிவிடும். இப்போது கையாலேயே இழுத்துப் பழக்கிவிடலாம். தாமதமானால் மாவுக்கட்டு, அதற்கும் மசியாவிட்டால் கத்தி. பொங்கல் கழித்து எலும்பு டாக்டர் அவளைப் பார்த்து முடிவு சொல்வார். அதற்குள் பாதம் முழங்கால் பக்கமாக நன்றாக மடங்க வேண்டும். நமக்கு இருப்பது அவ்வளவு காலம்தான்.

கோபத்தை என்னிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அனுப்புங்கள்.

லத்தீஃபா


கருவேலங்குடி
திருவாரூர் வழி
20.8.1973

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

ரெத்தினம் எழுதிக்கொண்டது. எழுத்து கோணலாக இருக்கும். விவசாயத் தொழிலாளர் சங்கத்து இரவுப் பள்ளியில் ஆளான பிறகு படித்த எழுத்து. சொல்ல வருவது கோணல் இல்லை.

ஆயாம்மா சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது என் மனசை உறுத்துகிறது. அந்தம்மாவோடு எனக்கு என்ன பகை? ஆனால் அன்றைக்கு அவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, கீழே இருந்த என் மகளைப் பார்த்து, "ஏ புள்ள, குந்து. நல்லாக் குதிகால ஊணிக் குந்து" என்றார்கள். எனக்குக் காதில் விழுந்தது வேறு குரல்.

எங்கள் அப்பா வீரையன், மிராசுதார் தியாகராசன் குடும்பத்துப் பண்ணையாள். களத்துக்குக் கூப்பிட்டனுப்பினால் ஓரத்தில் போய்க் குந்த வேண்டும். துண்டு கக்கத்தில், கை கட்டி, பார்வை தரையில். பண்ணை வேலையை மேற்பார்க்கிற காரியக்காரர் எழுந்திரு என்று சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. ஒரு சித்திரை மாதம் பண்ணை மாடு வாய்க்காலில் விழுந்து கால் முறிந்துபோயிற்று. விசாரிக்க வேண்டும் என்று அப்பாவைக் காலையில் கூப்பிட்டுக் குந்த வைத்தார்கள். வைத்துவிட்டு மறந்துபோனார்கள். அடித்திருந்தாலாவது, ஒரு ஆள் அங்கே இருப்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது என்று ஆகியிருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் தேடிக்கொண்டு போன நான்தான் பார்த்தேன். காரியக்காரர் வீட்டுக்கே போய்விட்டார். அப்பாவால் நிமிர முடியவில்லை. சின்னப் பையனான என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஊரில் சங்கக் கொடி ஏறிய வருஷம் நான் முதலில் வாங்கியது ஒரு மர நாற்காலி. என் வீட்டில் இனி யாரும் குந்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன். செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறாள். கால் தரைக்கு எட்டாது, ஆட்டிக்கொண்டே தின்பாள்.

நிற்கச் சொல்லுங்க, நடக்கச் சொல்லுங்க, ஆற்றுக்கரை ஏறி இறங்கச் சொல்லுங்க. நான் கூடவே நின்று செய்ய வைக்கிறேன். குந்த மட்டும் சொல்லாதீங்க.

ஒன்று கேட்க வேண்டும். நான் குந்தாதே குந்தாதே என்று வளர்த்ததால்தான் கால் இப்படி ஆயிற்றா? என் சம்சாரம் தங்கம்மாள் அப்படித்தான் சொல்கிறாள்.

ரெத்தினம்


தஞ்சாவூர்
29.8.1973

திரு. ரெத்தினம் அவர்களுக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். இல்லை. நீங்கள் வளர்த்ததால் வந்தது இல்லை இது. சில பிள்ளைகள் காரணமே இல்லாமல் இப்படி நடக்கும். தங்கம்மாளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், வீட்டில் ஒரு சண்டையாவது குறையட்டும். இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. பிசியோதெரபி படித்தவள். பேர் சொல்லியே எழுதலாம்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன்.

ஆனால் ஆடுசதைக்கு மிராசுதாரையும் தெரியாது, சங்கத்தையும் தெரியாது. இழுத்தால் நீளும், விட்டால் குறுகும். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன், இந்த வேலையில் வெட்கம் பார்த்தால் ஆகாது. கொல்லைப் பக்கம் போகும்போது செவ்வந்தி எப்படி உட்காருகிறாள்? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா?

நான் அதிராம்பட்டினத்துக்காரி. இந்தப் படிப்புக்கு வந்தபோது என் மாமா ஹபீப் முகம்மது, "கண்டவங்க காலப் புடிக்கவா ஒன்னப் படிக்க வெச்சோம்" என்று கேட்டார். காலைப் பிடிக்கத்தான் படித்தேன். பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நாள் பூராவும் அவர்கள் காலடியில் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

சரி, உங்கள் பிடிவாதத்தோடு எவ்வளவு தூரம் போக முடியுமோ போய்ப் பார்ப்போம். வீட்டில் செய்ய வேண்டியது: முட்டி நேராக இருக்க அவளைப் படுக்கப் போட்டு, குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, பாதத்தை மெல்ல முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. அழுதால் கையைத் தளர்த்தி, மறுபடி பிடிக்க வேண்டும். தச்சரிடம் சொல்லிச் சரிவாக ஒரு பலகை செய்யுங்கள். விரல் பக்கம் மேடாகவும் குதிகால் பக்கம் பள்ளமாகவும் வைத்து, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். காலையும் மாலையும். சேற்றில் இறங்கி நடக்கட்டும், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இதெல்லாம் நாம் பிடித்துவைத்துச் செய்வது. குந்துவது அப்படி இல்லை. விளையாட்டுப் போக்கில் அவளே செய்வாள், நாம் பார்க்காத நேரத்திலும் வேலை நடக்கும். அதனால்தான் கேட்டேன். யோசியுங்கள்.

லத்தீஃபா


கருவேலங்குடி
14.10.1973

லத்தீஃபாம்மாவுக்கு,

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்ததும் தங்கம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஊரே கேட்டிருக்கும். அங்கேயும் செவ்வந்தி நுனிக்காலில்தான் உட்காருகிறாளாம். தங்கம்மாள்தான் சொன்னாள். ஆனால் அது அவளுக்கு வந்த அவசரம். யார் உத்தரவும் போட்டு வருவதில்லை.

நீங்கள் தரையில் உட்காருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களாக உட்காருகிறீர்கள். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றினால் எழுந்துவிடுவீர்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் இல்லை.

பதில் எழுதத் தாமதம். குறுவை அறுப்பு நேரத்தில் சர்க்கார் சொன்ன கூலியைத் தர மாட்டேன் என்று தியாகராசன் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். நாங்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தோம். போலீஸ் வந்தது. என்னையும் நாலைந்து பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். போன வாரம்தான் ஜாமீனில் வந்தேன். ஸ்டேஷனுக்குள் போனதும் அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "குந்துடா." நான் குந்தவில்லை. அதற்கு வாங்கியது முதுகில் இருக்கிறது.

பலகை செய்தாயிற்று. துரைராசு ஆசாரி செய்து கொடுத்தார். செவ்வந்தி தினமும் அதில் ஏறிச் சுவரைப் பார்த்து நின்று வாய்ப்பாடு சொல்கிறாள். தங்கம்மாள் காலைப் பிடித்து மடக்குகிறாள். முதலில் பிள்ளை வீறிட்டு அழுதாள், இப்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். சதை கொஞ்சம் இளகியிருக்கிறது என்று தங்கம்மாள் சொல்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று தெருவில் பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் குந்தியிருக்க, இவள் மட்டும் நின்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வருவதைக் கண்டதும், "நான் குந்தலப்பா" என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவள் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்றும் தெரியவில்லை.

ரெத்தினம்


தஞ்சாவூர்
20.11.1973

ரெத்தினம் அண்ணனுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இளக்காரமாக நினைக்காமல் கொடுங்கள்.

நேற்று தங்கம்மாள் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், எழுத வரவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். பலகையும் தங்கம்மாளின் கையும் நன்றாக வேலை செய்திருக்கின்றன. முன்னைக்குப் பாதம் நன்றாக மடங்குகிறது. ஆனால் போதாது. பலகையில் நிற்கிற நேரம் கொஞ்சம், மற்ற நேரமெல்லாம் நுனிக்காலில்தான் திரிகிறாள். காலையில் இழுத்துவிடுவது சாயங்காலத்துக்குள் மறுபடி குறுகிவிடுகிறது. எலும்பு டாக்டரும் எட்டிப் பார்த்தார். பொங்கல் வரை பார்க்கலாம், பிறகு கட்டுப் போட்டுவிடலாம் என்றார். கட்டுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

போகும்போது தங்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "அவுங்களுக்குத் தெரியாம நான் புள்ளய வீட்டுக்குள்ள குந்தவெச்சிப் பழக்கட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அப்பா வரும் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கப் பழகுவதும் ஒரு பழக்கம்தான், அது காலில் வருகிற கோளாறைவிட மோசமானது. இந்த முடிவு உங்களுடையது. உங்களுக்குப் பின்னால் நான் எதையும் செய்ய மாட்டேன்.

கண்ணாத்தாளிடம் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "எங்கப்பாவும் அப்புடிக் குந்துனவருதாம்மா. எனக்கு எப்புடி அந்தக் கொரலு வந்துச்சு" என்றார். இப்போது பிள்ளைகளைக் குந்தச் சொல்லும்போது அவரும் எதிரே குந்திக்கொள்கிறார். முட்டிவலிக்காரி, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

கோலி ஆடிய இடத்தில் அவள் குரல் உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை என்றீர்கள். எனக்குத் தெரிகிறது. சொன்னால் நீங்கள் இனி எனக்கு எழுதாமலே போகலாம். போலீஸ் குந்தச் சொன்னபோது நீங்கள் நின்றீர்கள். அது பெரிய காரியம், நான் மறுக்கவில்லை. செவ்வந்தி யாருக்குப் பயந்து நின்றாள்? உங்களுக்கு. அவளைக் குந்தவிடாமல் செய்கிற ஆள் அந்தத் தெருவில் நீங்கள் ஒருவர்தான்.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

லத்தீஃபா


கருவேலங்குடி
9.1.1974

லத்தீஃபாம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். மழுப்ப மாட்டேன். என்னையும் காரியக்காரரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். கடிதத்தைத் தங்கம்மாளிடம் படித்துக் காட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் குந்து என்றும் சொல்லவில்லை, குந்தாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பலகையும் கால் பிடிப்பதும் மட்டும் நிற்காமல் நடந்தது.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். தை அறுப்புக் கூலிக்காகத் தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தை. தங்கம்மாளுக்குக் காய்ச்சல், செவ்வந்தி என்னை விடமாட்டேன் என்றாள், கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மிராசுதார்களுக்கு நாற்காலியும் எங்களுக்கு ஒரு நீளப் பெஞ்சும் போட்டிருந்தார்கள். பெஞ்சு வேண்டாம், எங்களுக்கும் நாற்காலி வேண்டும் என்றோம். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து போட்டார்கள். எதிரே தியாகராசனும் அவருடைய ஆட்களும். தாசில்தார் நடுவில். செவ்வந்தியை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன்.

பேச்சு சூடாகிக்கொண்டிருந்தது. கூலி நெல் அளக்கிற மரக்காலின் அளவில் ஆரம்பித்து நான் ஏதோ கேட்டேன், தியாகராசன் மேஜையைத் தட்டினார். அந்த நேரத்தில் இவள் நாற்காலியிலிருந்து இறங்கிப்போனது எனக்குத் தெரியாது. பைல் அலமாரிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்க இவள் அலமாரிக்கு முன்னால், கூடத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கக் குந்திவிட்டாள்.

தியாகராசன்தான் முதலில் பார்த்தார். கை காட்டினார். "ரெத்தினம், நீ நாற்காலி கேட்டு வாங்குன. ஒன் மவ தரையத்தான கேக்குது" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

எழுந்தேன். உங்கள் ஆஸ்பத்திரியில் செய்தது மாதிரி வாரித் தூக்கத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். நான் வருவதை அவள் பார்த்தாள். எழுந்திருக்கப் போனவள், குட்டி ஒன்று வெளியே தலையை நீட்டியதும் என்னை மறந்துவிட்டு அதைப் பார்க்க ஆரம்பித்தாள். குனிந்த என் கண்ணில் அவள் கால் பட்டது. இடது குதிகால் தரையில் இருந்தது. முழுசாக, சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டு. அவள் பிறந்து இந்த ஆறு வருஷத்தில் அவள் குதிகால் தரையில் பட்டு நான் பார்த்ததே இல்லை.

நான் அப்படியே குந்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவள் குதிகாலைப் பார்க்க வேண்டும், நின்றுகொண்டு பார்த்தால் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். சுண்டுவிரலை அடியில் கொடுத்துப் பார்த்தேன், போகவில்லை. "அப்பா, நீ குந்திருக்கே" என்றாள். ஆமாம் என்றேன். "நானும் குந்தட்டா?" என்று கேட்டாள், குந்தியிருந்தபடியே. குந்து என்றேன்.

பின்னால் சிரிப்பு நின்றிருந்தது. தியாகராசன், "சரி, சரி, வந்து நாற்காலியில உக்காருப்பா, நேரமாவுது" என்றார். தாசில்தாரும், "ரெத்தினம், வாங்க, உக்காருங்க, ஆரம்பிக்கலாம்" என்றார். திரும்பாமலே, "இருங்க, புள்ளைக்கி இன்னொரு கால் பாக்கணும்" என்றேன். இருந்தார்கள். நான் பார்த்து முடிக்கிற வரை அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள்.

கூலிப் பேச்சு முடியவில்லை. மறுபடி கூப்பிடுவார்கள்.

வலது குதிகால் இன்னும் முழுசாகப் படவில்லை. அடியில் என் சுண்டுவிரல் போகிறது. பொங்கல் கழித்துக் கூட்டி வருகிறேன். அதற்குள் அந்தக் காலுக்கு மட்டும் தனியாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். குந்தச் சொல்வதாக இருந்தாலும் எழுதுங்கள், நானும் கூடக் குந்துகிறேன்.

ரெத்தினம்